கஸ்டம் இவன்ட் பெயர்கள் ஏன் ஆவணத்துக்கு ஆவணம் மாறுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை பின்னேரங்களில் உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பிள்ளைகள் மடிக்கணினியோடு வந்து இருப்பார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்கள் சிலர், கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் படிப்பவர்கள் சிலர். எல்லோரும் வலைப்பக்கம் செய்யப் பழகுகிறார்கள். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது பெரிய கணக்கைப் பற்றியோ சிக்கலான தர்க்கத்தைப் பற்றியோ இல்லை. ஒரு பெயரை எப்படி எழுதுவது என்பதைப் பற்றித்தான். வாராவாரம் வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். கோடில் வரும் ஆங்கிலப் பெயர்களையும் ஒலிப்படி தமிழிலேயே எழுதுகிறேன். ஹைஃபன் வரும் இடத்தில் ஹைஃபனைப் போட்டுவிடலாம். பெரிய எழுத்து வரும் இடத்தை மட்டும் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. இது கீழே திரும்பவும் வரும், கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கஸ்டம் இவன்ட் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பட்டனை அழுத்தினால் 'கிளிக்', விசையைத் தட்டினால் 'கீடவுன்', பெட்டிக்குள் எழுதினால் 'இன்புட்'. இவை பிரவுசர் தானாக அறிவிக்கும் நிகழ்வுகள். எங்கள் கொம்பொனன்ட் (பக்கத்தைக் கட்டும் தனித்தனித் துண்டு) ஒன்று தனக்குள் நடந்ததை வெளியே சொல்ல, நாங்களே ஒரு பெயர் வைத்து அறிவித்தால் அது கஸ்டம் இவன்ட்.

நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் போகும் படகில் இருக்கை பதியும் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைகளைக் காட்டும் கட்டம் பிள்ளைக் கொம்பொனன்ட். பணத்தைக் கணக்குப் பார்க்கும் பக்கம் அதன் தாய். யாராவது ஓர் இருக்கையைத் தொட்டதும் பிள்ளை 'சீட்-பிக்ட்' என்று குரல் கொடுக்கும். தாய் அதே பெயருக்குக் காது கொடுத்துக்கொண்டு இருக்கும். குரலும் காதும் ஒரே பெயரில் இருந்தால் வேலை நடக்கும். பெயர் ஓர் எழுத்து மாறினாலும் தாய்க்கு ஒன்றும் கேட்காது.

எத்தனை விதமாக எழுதுகிறார்கள்?

கெபாப் கேஸ் என்றால் எல்லாம் சின்ன எழுத்து, சொற்களுக்கு இடையில் ஹைஃபன். கேமல் கேஸ் என்றால் சொற்களை ஒட்டி எழுதி, இரண்டாவது சொல்லிலிருந்து ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் பெரிதாக்குவது. பிரவுசரின் சொந்தப் பாணி இரண்டிலும் சேராது: 'கீடவுன்', 'மௌஸ்ஓவர்' என்று எல்லாம் ஒட்டி, எல்லாம் சின்ன எழுத்து. இவை போக, புள்ளியோ முக்காற்புள்ளியோ வைத்து முன்னொட்டும் பின்னொட்டும் சேர்ப்பவர்களும் உண்டு.

ஒரே ஃபிரேம்வேர்க்கின் ஆவணத்துக்குள்ளேயே இரண்டு மாதிரி இருக்கிறதே, எது சரி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் வியூ என்ற ஃபிரேம்வேர்க்கை, அதாவது வலைப்பக்கம் கட்டுவதற்கான ஆயத்தக் கோட் தொகுப்பைப் படிப்பவர்கள்.

வியூ 3-இன் ஆவணத்தைத் திறந்து முதலில் கொம்பொனன்ட் அடிப்படைகள் பற்றிய பக்கத்தை வாசியுங்கள். அங்கே பிள்ளை 'என்லார்ஜ்-டெக்ஸ்ட்' என்று குரல் கொடுக்கிறது. ஹைஃபன் இருக்கிறது. பிறகு கொம்பொனன்ட் இவன்ட்களுக்கென்றே இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். அங்கே பிள்ளை 'சம்இவன்ட்' என்று, இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாக வைத்து, கேமல் கேஸில் குரல் கொடுக்கிறது. தாயோ அதே நிகழ்வுக்கு 'சம்-இவன்ட்' என்று ஹைஃபன் வைத்துக் காது கொடுக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி, பெட்டியில் எழுதுவதையும் தரவையும் இணைக்கும் வீ-மொடல் பகுதியில் 'அப்டேட்:மொடல்வேல்யூ' வருகிறது. முக்காற்புள்ளி வைத்து, அதற்குப் பின்னால் கேமல் கேஸ். ஒரே ஆவணம், அடுத்தடுத்த பக்கங்கள், மூன்று உருவங்கள்.

இவற்றில் எதுவும் பிழையில்லை. வியூ 3-இல் மூன்றும் ஓடும். பெயர் கேமலிலிருந்து கெபாபுக்குத் தானாக மாற்றிக்கொள்ளப்படும் என்றும், டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் அமைப்பை எழுதும் பகுதியில்) காது கொடுக்கும்போது கெபாப் எழுதுங்கள் என்றும் இவன்ட் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த வரி இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டுக் கோட் எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு அது தெரிய வழியில்லை.

எனக்கு இதில் உண்மையான கவலை ஒன்று உண்டு. ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொண்டு வளர்ந்தவர் இப்படி இரண்டு உருவங்களைப் பார்த்தால், 'ஆவணம் எழுதியவர்கள் கவனிக்கவில்லை போல' என்று நினைத்துக் கடந்துவிடுவார். எங்கள் பிள்ளைகள் அப்படி நினைப்பதில்லை. 'என் இங்கிலீஷ் காணாது, அதுதான் வித்தியாசம் விளங்கவில்லை' என்று தங்கள் மேல் போட்டுக்கொள்கிறார்கள். நிறையத் தடவை பார்த்துவிட்டேன். அதனால் நேராகச் சொல்கிறேன்: அந்த இரண்டு உருவங்களுக்கும் நடுவில் நீங்கள் விளங்கிக்கொள்ளாமல் விட்ட பொருள் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. எழுதியவர்கள் ஒரே மாதிரி எழுதவில்லை, அவ்வளவுதான்.

பழைய பயிற்சிகளில் கெபாப் மட்டும்தான் எழுத வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறார்களே?

அவை வியூ 2 காலத்தவை. அப்போது அது கட்டாயமாக இருந்தது. கொம்பொனன்ட் பெயருக்கும் ப்ரொப் (தாய் பிள்ளைக்குக் கொடுக்கும் மதிப்பு) பெயருக்கும் தானாக நடக்கும் உருமாற்றம் இவன்ட் பெயருக்கு நடக்காது, குரல் கொடுத்த பெயரும் காது கொடுத்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும், ஆகவே எப்போதும் கெபாப் எழுதுங்கள் என்று வியூ 2 ஆவணம் வெளிப்படையாகவே சொன்னது. 2020 செப்டெம்பரில் வெளிவந்த வியூ 3-இல் பிறகு இவன்ட் பெயருக்கும் உருமாற்றம் வந்துவிட்டது. வியூ 2-க்கான ஆதரவு 2023 டிசம்பர் 31-ஆம் திகதியோடு முடிந்தது. ஆனால் அந்தக் காலத்தில் எழுதப்பட்ட பயிற்சிகளும் பதிவு செய்த வகுப்புகளும் இன்னும் அப்படியே கிடக்கின்றன. எதை வாசித்தாலும் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று முதலில் பாருங்கள்.

பெயர் மாறினால் பிழைச் செய்தி வருமே, அதைப் பார்த்துத் திருத்தலாம்தானே?

வராது. இதன் வேதனையே அதுதான். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மேலே சொன்ன படகுப் பக்கத்தை நாங்கள் முதலில் வியூ 2-இல்தான் செய்தோம். இருக்கைக் கட்டத்தைக் கிண்ணியாவில் இருக்கும் ஒரு தம்பி எழுதினான், தாய்ப் பக்கத்தை நான் எழுதினேன். தொலைபேசியில் கதைத்துக்கொண்டே வேலை செய்தோம். "தம்பி, இவன்டுக்கு என்ன பெயர் வைத்தாய்?" என்று கேட்டேன். "சீட் பிக்ட், அக்கா" என்றான். நான் ஆவணம் சொன்னபடி நடுவில் ஹைஃபன் போட்டு எழுதினேன். அவன் ஜாவாஸ்கிரிப்டில் பழகின கையால் ஒட்டி எழுதி, இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாக்கியிருந்தான்.

பக்கம் திறந்தது. இருக்கைகள் நிறம் மாறின. மொத்தப் பணம் மட்டும் சுழியத்திலேயே நின்றது. பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு வரிகூட இல்லை. நான் கணக்குப் போடும் செயற்கூறைத் திருத்தித் திருத்திப் பார்த்தேன். அவன் இருக்கைகளின் பட்டியலை மாற்றி மாற்றிப் பார்த்தான். இரவு 8 மணிக்குத் தொடங்கியது 11 மணி தாண்டியும் முடியவில்லை. இடையில் இரண்டு தடவை பெயரை ஒருவருக்கொருவர் வாசித்தும் காட்டினோம். அவன் "சீட் பிக்ட்" என்றான், நானும் "சீட் பிக்ட்" என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே பெயராகத்தான் கேட்டது.

கடைசியில் அவன் தன் திரையைப் படமெடுத்து அனுப்பினான். படத்தைப் பார்த்த அடுத்த நொடியே கண்டுபிடித்துவிட்டேன்.

ஏன் பிழைச் செய்தி வருவதில்லை என்றால், யாரும் கேட்காத நிகழ்வு ஒரு குற்றமே இல்லை. ஒரு கொம்பொனன்ட் பத்து நிகழ்வுகளை அறிவிக்கலாம், தாய்க்கு வேண்டியது இரண்டாக இருக்கலாம். அதேபோல, ஒருநாளும் வராத பெயருக்குக் காது கொடுத்துக்கொண்டு இருப்பதும் குற்றமில்லை. இரண்டு பக்கமும் தன்னளவில் சரி என்பதால் எச்சரிக்க அங்கே ஆளில்லை. ஒரேயொரு சந்தர்ப்பத்துக்கு மட்டும் வியூ 2 குறிப்புக் காட்டும்: எழுத்துகள் ஒன்றாக இருந்து பெரியது சின்னது மட்டும் மாறி, சின்ன எழுத்துப் பெயருக்கு யாரோ காது கொடுத்துக்கொண்டிருந்தால், உருவாக்கப் பயன்முறையில் கன்சோலில் ஒரு வரி வரும். நடுவில் ஹைஃபன் புகுந்துவிட்டால் அதுவும் கிடையாது.

பெரிய எழுத்துக்கு ஏன் இவ்வளவு சிக்கல்? கணினிக்கு எல்லாம் எழுத்துதானே?

இரண்டு மொழிகள் சந்திக்கும் எல்லையில் இந்தச் சிக்கல் பிறக்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. 'ஆட்இவன்ட்லிசனர்' என்று எழுதி ஒரு பெயருக்குக் காது கொடுத்தால் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எச்டிஎம்எல்லுக்கு அப்படியில்லை. பக்கத்தை வாசிக்கும்போது, குறிச்சொல்லுக்குள் இருக்கும் பண்புப் பெயர்களின் ஆங்கிலப் பெரிய எழுத்தையெல்லாம் பிரவுசர் சின்னதாக்கிவிடும். நீங்கள் எச்டிஎம்எல் கோப்பில் நேரடியாகக் கேமல் கேஸில் எழுதிய காது, ஃபிரேம்வேர்க்கின் கைக்கு வரும்போது எல்லாம் சின்ன எழுத்தாகத்தான் வரும். எந்த ஃபிரேம்வேர்க்காலும் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் அது பார்ப்பதற்கு முன்பே மாற்றம் நடந்து முடிந்துவிடுகிறது.

வியூவின் ஒற்றைக் கோப்புக் கொம்பொனன்ட்களில் இந்தத் தொல்லை இல்லை. அந்த டெம்ப்ளேட்டைப் பிரவுசர் வாசிப்பதில்லை, வியூவின் சொந்தக் கம்பைலர்தான் வாசிக்கிறது, பெரிய எழுத்து பெரிதாகவே தங்கும். ஆகவே ஒரே வரி ஒரு கோப்பில் ஓடும், இன்னொரு கோப்பில் ஓடாது. 'நேற்று ஓடியது, இன்று எச்டிஎம்எல் பக்கத்துக்குள் ஒட்டினேன், நின்றுவிட்டது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அல்பைன் என்ற ஃபிரேம்வேர்க் முழுக்க முழுக்க எச்டிஎம்எல் பண்புகளை நம்பி ஓடுவது. கேமல் பெயருக்குக் காது கொடுக்க வேண்டுமானால் பெயரைக் கெபாபில் எழுதி, பின்னால் 'டொட் கேமல்' என்ற விகுதியைச் சேருங்கள் என்று அதன் ஆவணம் காரணத்தோடு சொல்கிறது. படிப்பவருக்கு அந்த ஒரு வாக்கியத்தில் எச்டிஎம்எல் பற்றியும் ஒரு பாடம் கிடைத்துவிடுகிறது. எல்லா ஆவணங்களும் இப்படி இருந்தால் எவ்வளவு நல்லது!

அப்படியென்றால் வியூ 3-இல் எப்படி வேண்டுமானாலும் எழுதலாமா?

வியூ கொம்பொனன்டுக்கும் வியூ கொம்பொனன்டுக்கும் இடையில், டெம்ப்ளேட்டை எச்டிஎம்எல் கோப்பில் நேரடியாக எழுதாதவரை, ஆம். பிரவுசரின் சொந்த கஸ்டம் எலிமென்ட்களோடு கதைக்கும்போது கவனம். அவை அறிவிப்பவை டொம் நிகழ்வுகள், அதாவது வியூ வழியாக வராமல் பிரவுசர் வழியாகவே வரும் நிகழ்வுகள். அங்கே அறிவித்த பெயர் எதுவோ அதற்குத்தான் காது கொடுக்க வேண்டும்.

பெயருக்கு முன்னால் 'ஒன்' போடுவதா வேண்டாமா?

வியூ போன்ற வேறு இரண்டு ஃபிரேம்வேர்க்குகளான ரியாக்ட் படித்தவரும் ஆங்குலர் படித்தவரும் ஒரே மேசையில் இருந்தால் இதில்தான் முட்டிக்கொள்வார்கள். இரண்டு பேரும் தங்கள் ஆவணம் சொன்னதைத்தான் சொல்வார்கள்.

ரியாக்டில் தனியாக இவன்ட் பெயர் என்று ஒன்று இல்லை. தாய் ஒரு செயற்கூறை ப்ரொப்பாகக் கையில் கொடுக்கிறது, பிள்ளை அதை அழைக்கிறது. அந்தப் ப்ரொப்பின் பெயர் 'ஒன்' என்று தொடங்கி அடுத்த எழுத்து பெரிதாக வர வேண்டும், உள்ளே வேலை செய்யும் செயற்கூறு 'ஹான்டில்' என்று தொடங்க வேண்டும் என்பது ரியாக்ட் ஆவணம் சொல்லும் வழக்கம். அதாவது 'ஒன்சேவ்' வெளிவாசலின் பெயர், 'ஹான்டில்சேவ்' உள்ளே இருப்பவரின் பெயர்.

ஆங்குலரில் வெளியே அறிவிக்கும் பெயருக்கு 'ஒன்' போடவே கூடாது. 'சேவ்ட்' என்று மட்டும் வையுங்கள், கேமல் கேஸில் எழுதுங்கள் என்கிறார்கள். பழைய பாணி வழிகாட்டியில் 'ஒன்' என்ற முன்னொட்டு, வேலை செய்யும் செயற்கூறுக்கு உரியது. அப்படிப் பார்த்தால் 'ஒன்சேவ்' என்ற அதே சொல் ரியாக்டில் வாசல், ஆங்குலரில் உள்ளே இருக்கும் ஆள். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுகிறவர்கள் குழம்பாமல் எப்படி இருப்பார்கள்? ஆங்குலரின் புதிய வழிகாட்டி இதைக் கொஞ்சம் தளர்த்தி, செயற்கூறு எதற்காக அழைக்கப்படுகிறது என்பதைவிட அது என்ன செய்கிறது என்பதையே பெயராக வையுங்கள் என்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ஸ்வெல்ட் என்ற இன்னொரு ஃபிரேம்வேர்க்கைப் பற்றியும் கேட்பார்கள். முன்பு 'ஒன்' என்பதற்குப் பின் முக்காற்புள்ளி வைத்து எழுதினார்கள். 2024-இல் வந்த 5-ஆம் பதிப்பில் முக்காற்புள்ளி போய்விட்டது, 'ஒன்கிளிக்' என்று எல்லாம் சின்ன எழுத்தில் சாதாரணப் ப்ரொப் மாதிரியே எழுதுகிறார்கள். ரியாக்டில் அதே சொல்லில் மூன்றாவது எழுத்து பெரிது. இரட்டை அழுத்தத்துக்கோ பிரவுசர் வைத்த பெயர் 'டிபிஎல்கிளிக்', ரியாக்ட் வைத்த பெயர் 'ஒன்டபிள்கிளிக்'. மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

'சேவ்' என்று வைப்பதா, 'சேவ்ட்' என்று வைப்பதா?

எழுத்துப் பாணியைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன், ஆவணங்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தமிழில் வைத்துப் பாருங்கள். 'சேமி' என்றால் கட்டளை. 'சேமித்தாயிற்று' என்றால் செய்தி. பிள்ளைக் கொம்பொனன்ட் தாய்க்குக் கட்டளை போடுவதில்லை, நடந்ததைச் சொல்கிறது. ஆகவே நடந்து முடிந்ததற்கு இறந்தகாலத்தில் பெயர் வையுங்கள். படகுப் பயணம் நிறுத்தப்பட்டால் 'ட்ரிப்-கான்சல்ட்'. அதை 'கான்சல்-ட்ரிப்' என்று வைத்தால், பயணத்தை நிறுத்தச் சொல்கிறதா, நின்றுவிட்டது என்று சொல்கிறதா என்று வாசிப்பவருக்குத் தெரியாது. வாடைக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்துப் படகு விடாத நாட்களில், பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

பக்கத்தை அலங்கரிக்க உதவும் பூட்ஸ்ட்ராப் என்ற நூலகம் இதை அழகாகச் செய்திருக்கிறது. பக்கத்தின் மேல் எழும் ஒரு மோடல் பெட்டி திறக்கத் தொடங்கும்போது 'ஷோ', திறந்து முடிந்த பிறகு 'ஷோன்'. பின்னால் 'பிஎஸ்', 'மோடல்' என்று புள்ளி வைத்துச் சேர்த்து, வேறு நூலகங்களின் பெயரோடு மோதாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதன் பெரும்பாலான கொம்பொனன்ட்களிலும் இதே ஒழுங்குதான். ஒன்றைப் படித்தால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம்.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்டின் ஆவணம், பெயர்கள் வழக்கமாகக் கேமல் கேஸில் இருக்கும் என்கிறது. லைவ்வயர் என்ற ஃபிரேம்வேர்க்கின் 2-ஆம் பதிப்பில் எடுத்துக்காட்டுகள் கேமல், 3-ஆம் பதிப்பில் கெபாப். எச்டிஎம்எக்ஸ் என்ற நூலகம் ஒவ்வொரு நிகழ்வையும் கேமல், கெபாப் என்று இரண்டு பெயரிலும் அறிவித்துவிடுகிறது, எந்தப் பெயருக்குக் காது கொடுத்தாலும் கேட்கும். பிரவுசரும் தன் வழக்கத்தைத் தானே மீறும்: பக்கம் தயாரானதும் வரும் 'டொம்கொன்டென்ட்லோடட்' என்ற பெயரில் பெரிய எழுத்துகள் உண்டு.

ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை ஓடுகிறது. இதுவும் பெயர்ச் சிக்கலா?

பெரும்பாலும் ஆம். உங்கள் கஸ்டம் இவன்டுக்கும் 'கிளிக்' என்றே பெயர் வைத்துவிட்டு, வியூ 3-இல் அதை 'எமிட்ஸ்' பட்டியலில் (கொம்பொனன்ட் அறிவிக்கும் பெயர்களின் பட்டியல்) அறிவிக்காமல் விட்டிருப்பீர்கள். அப்போது தாய் கொடுத்த காது பிள்ளையின் வெளி எலிமென்டிலும் போய் ஒட்டிக்கொள்ளும். உண்மையான அழுத்தம் ஒரு தடவை, உங்கள் அறிவிப்பு ஒரு தடவை. பட்டியலில் சேருங்கள், முடிந்தால் பெயரையும் மாற்றுங்கள்.

தமிழிலேயே இவன்ட் பெயர் வைக்கலாமா? பெரிய எழுத்துத் தொல்லையே இருக்காதே!

வளாகத்தில் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வைக்கலாம். இவன்ட் பெயர் வெறும் எழுத்துச் சரம்தான், 'படகு-புறப்பட்டது' என்று அறிவித்து அதற்கே காது கொடுத்தால் ஓடும். எச்டிஎம்எல் சின்னதாக்குவது ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மட்டும்தான், தமிழை அது தொடாது. தங்கச்சி சொன்னது அந்த அளவில் சரி.

ஆனால் தமிழில் வேறு ஒரு பொறி இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயரையே எடுங்கள்: 'திருகோணமலை'. இதில் வரும் 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க' வுக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று. முன்னால் தெரியும் இரட்டைக் கொம்பையும் பின்னால் தெரியும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைப்பது மற்றது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதலாவதில் பெயரின் நீளம் 10, இரண்டாவதில் 11. ஜாவாஸ்கிரிப்டிடம் இரண்டும் ஒன்றா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். 'கொ', 'கௌ' வரிசைகளுக்கும் இதே கதைதான். யார் எந்த விசைப்பலகையில் தட்டினார்கள், எந்தக் கோப்பிலிருந்து ஒட்டினார்கள் என்பதைப் பொறுத்து மாறலாம். இதுபோக, க் சேர்த்துத் 'திருக்கோணமலை' என்று எழுதுபவர்களும் ஊருக்குள் உண்டு. வாயில் திருமலை என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

கேமலும் கெபாபும் மாறினால் திரையைப் படமெடுத்துப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாம். இதைக் கண்ணாலும் பிடிக்க முடியாது. 'நோர்மலைஸ்' என்ற செயற்கூறால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வரலாம், பயனர் தட்டும் தமிழை ஒப்பிடும்போது அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். இவன்ட் பெயருக்கு மட்டும் இப்போதைக்கு ஆங்கிலச் சின்ன எழுத்தே போதும். கொமென்ட்டைத் தமிழில் எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். எங்கள் கோடில் ஒவ்வோர் இவன்டுக்கும் மேலே அது எப்போது நடக்கும் என்று தமிழில் ஒரு வரி இருக்கிறது.

சரி, அக்கா, நீங்கள் எதைப் பரிந்துரைக்கிறீர்கள்?

ஃபிரேம்வேர்க் கட்டாயப்படுத்தாத இடத்தில் கெபாப். எச்டிஎம்எல் எல்லையைத் தாண்டும்போது உடையாது என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் அந்தத் தொலைபேசி இரவு. நாங்கள் பெயர்களை ஒருவருக்கொருவர் வாயால் சொல்லித்தான் வேலை செய்கிறோம். ஹைஃபனை வாயால் சொல்ல முடியும்: "சீட், ஹைஃபன், பிக்ட்." பெரிய எழுத்தை வாயால் சொல்லத் தமிழில் எங்களுக்குப் பழக்கமில்லை. எங்கள் எழுத்தில் இல்லாத ஒன்று எங்கள் காதில் எப்படி விழும்? கேமல் கேஸ்தான் ஜாவாஸ்கிரிப்டுக்கு இயல்பு என்று வாதாடுபவர்கள் உண்டு, அதுவும் நியாயமான பேச்சுத்தான். ரியாக்டிலும் ஆங்குலரிலும் நானும் மறுபேச்சில்லாமல் கேமல்தான் எழுதுகிறேன்.

குழுவில் யாராவது மாற்றி எழுதினால் எப்படிப் பிடிப்பது?

கோடைச் சரிபார்க்கும் கருவியான இஎஸ்லின்டின் வியூ நீட்சியில் கஸ்டம் இவன்ட் பெயரின் எழுத்துப் பாணியைச் சரிபார்க்க ஒரு விதி இருக்கிறது. கேமலா கெபாபா என்று நீங்கள் தெரிவு செய்யலாம். டெம்ப்ளேட்டில் காது கொடுக்கும் பக்கத்துக்கு வேறொரு விதி இருக்கிறது. இரண்டையும் போடுங்கள். டைப்ஸ்கிரிப்ட் (வகைகளைச் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) தெரிந்தால் 'டிஃபைன்எமிட்ஸ்' இல் பெயர்களை வகையோடு அறிவியுங்கள், பட்டியலில் இல்லாத பெயரில் குரல் கொடுத்தால் எடிட்டரே சிவப்புக் கோடு போடும்.

ஆவணத்தில் இப்படி முரண் கண்டால் நான் என்ன செய்ய முடியும்?

திருத்தி அனுப்ப முடியும். வியூ, ரியாக்ட், ஸ்வெல்ட் போன்றவற்றின் ஆவணங்கள் கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே இருக்கின்றன. அனுப்பும்போது 'குழப்பமாக இருக்கிறது' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பக்கத்தில் எந்த உருவம், அடுத்த பக்கத்தில் எந்த உருவம், புதிதாகப் படிப்பவர் எந்த இடத்தில் தடுக்குவார் என்று மூன்று வரியில் எழுதுங்கள். எல்லா எடுத்துக்காட்டையும் மாற்றச் சொன்னால் ஏற்க யோசிப்பார்கள். பெயர் முதன்முதலில் வரும் எடுத்துக்காட்டின் கீழே, இந்தப் பெயர் தானாக உருமாறும், விதி இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் ஏற்பது இலகு. ஆங்கிலம் பிழைத்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். நீங்கள் தடுக்கிய இடம் எது என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை.

உங்கள் படகுப் பக்கத்தில் இப்போது பெயர்கள் எப்படி இருக்கின்றன?

வியூ 3-க்கு மாற்றிவிட்டோம். மொத்தம் ஐந்து இவன்ட்: 'சீட்-பிக்ட்', 'சீட்-ரிலீஸ்ட்', 'பேமென்ட்-ரிசீவ்ட்', 'ட்ரிப்-கன்ஃபர்ம்ட்', 'ட்ரிப்-கான்சல்ட்'. ஐந்தும் திட்டத்தை விளக்கும் ரீட்மீ கோப்பின் முதல் பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழ் விளக்கத்தோடு இருக்கின்றன. ஆறாவது பெயர் சேர்க்க வேண்டி வந்தால், கிண்ணியாத் தம்பி முதலில் தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறான், நான் கேட்டபடி தட்டி அவனுக்கு அனுப்புகிறேன், அவன் பார்த்து "சரி" என்ற பிறகுதான் கமிட், அதாவது மாற்றத்தைப் பதிவது.